கௌரியின் பொடிப் பெட்டி

பகீரதன் எந்த விளையாட்டிலும் தோற்றவன் இல்லை. இது ஊர் சொல்வதல்ல, அவன் வாயாலேயே சொல்வது. கரம்போட் ஆடினால் வெல்வான், கடதாசிச் சீட்டு விளையாடினால் வெல்வான். தப்பித் தவறித் தங்கச்சி கௌரி வென்றுவிட்டாளென்றால், சோம்பல் முறித்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "விட்டுத்தந்தனான்" என்பான். அவ்வளவுதான், அவள் வென்றது காற்றோடு போய்விடும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்த அவர்கள் வீட்டில் அம்மா சிரிப்பார், அப்பா சிரிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அங்கால் நின்று சிரிப்பார். தங்கச்சிக்கு விட்டுத்தருகிற அண்ணன் எவ்வளவு தங்கமான பிள்ளை என்று பாராட்டு வேறு. கௌரிக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த எரிச்சல்களில் பெரியது கொட்டாஞ்சேனையில் நடந்தது. அது போர்க்காலம். பகீரதனைக் கனடாவுக்கு அனுப்புவதற்காகக் குடும்பமே கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறையெடுத்துத் தங்கியிருந்தது. ஏஜென்சிக்காரன் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று இழுத்துக்கொண்டிருந்தான். பகீரதனுக்கு என்ன கவலை? லொட்ஜுக்குக் கீழே ஒரு கேம் கடை இருந்தது. ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், பெட்டிக்குள் ஒரு திரை, திரைக்குக் கீழே ஒரு பிடியும் வரிசையாகப் பட்டன்களும். காசைப் போட்டால் திரையில் இரண்டு சண்டைக்காரர்கள் எதிரெதிரே வந்து நிற்பார்கள். பெடியன்கள் நாள் முழுக்க அங்கேயே கிடந்தார்கள். பெட்டைப் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. பதினாறு வயதுக் கௌரி வாசலில் நின்று பார்ப்பாள். எந்தப் பட்டனுக்கு எந்த அடி, எந்த அடியை எப்படித் தடுப்பது என்று பார்த்துப் பார்த்தே பாடமாக்கிவிட்டாள்.

ஒருநாள் பகீரதனோடு விளையாட ஆள் கிடைக்கவில்லை. வாசலில் நின்றவளை, "வா, ஒரு ஆட்டம்" என்று கூப்பிட்டான். கௌரி போய் நின்றாள். நின்றவள் அண்ணனைச் சுருட்டிப் பாய்போலக் கட்டி வைத்துவிட்டாள். கடை வாயடைத்துப் போயிற்று. முதலாளிகூடக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கணம் இருக்கிறதே, அதை அவள் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்க வேண்டும். பகீரதன் விடவில்லை. கையைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டு, "பாவமெண்டு விட்டுத்தந்தனான்" என்றான். கடை முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

அடுத்த கிழமை அவன் விமானம் ஏறிவிட்டான். அவள் அம்மா அப்பாவோடு யாழ்ப்பாணம் திரும்பினாள். மறு ஆட்டம் என்று கேட்பதற்கு ஆளே இல்லை.

சரி, அதோடு விட்டானா? கனடாவிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு போன் கோலிலும் அதே கதை. கௌரியின் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல எடுத்தவன், மாப்பிள்ளை நாகேந்திரத்தோடு முதன்முதலாகக் கதைத்தபோது சொன்னதும் அதுதான்: "மச்சான், இவளுக்கு வெண்டு பழக்கமில்லை, நான்தான் இடைக்கிடை விட்டுத்தாறது." மகள் மிதுனாவுக்குக் கௌரியின் பிறந்த நாள் மறந்தாலும் கொட்டாஞ்சேனைக் கதை மறக்காது. மாமா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

இப்போது கௌரிக்கு நாற்பத்து மூன்று வயது. நாகேந்திரத்துக்கு வங்கியில் கொழும்புக்கு மாற்றம் வந்த பிறகு, மூன்று வருடமாக வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். காலி வீதியிலுள்ள ஒரு சீலைக் கடையில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. அவளைப்பற்றிச் சொல்வதானால், நல்ல மனுசி, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். பிடித்தால் பிடித்த பிடி. முருங்கைக்காய் முற்றல் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சந்தைக்கு மறுபடி நடந்து போகிற ஆள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக விழுங்கிக்கொண்டிருந்தாள் என்றால் பாருங்கள்.

இந்த வருடம் பகீரதன் கோல் எடுத்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு மனைவி சுபோதினியோடு வருகிறானாம், போகும்போது கொழும்பில் தங்கச்சி வீட்டில் நிற்பானாம். "கேம் கடை இருக்கோ இன்னும்? இருந்தால் வா, திரும்பவும் விட்டுத்தாறன்" என்றும் சொல்லிச் சிரித்தான்.

கௌரி போனை வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள்.

"இஞ்சாருங்கோ, நான் அந்த மெஷினைச் செய்யப் போறன்."

"எந்த மெஷின்?" நாகேந்திரம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கொட்டாஞ்சேனை மெஷின். அந்தக் கேம் பெட்டி."

பேப்பர் இறங்கியது. மிதுனா அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். "அம்மா, அந்தப் பழைய கேம் எல்லாம் போன்லயே விளையாடலாம். நான் டவுன்லோட் பண்ணித் தாறன்."

"போனில வெண்டால் போன் பிழை எண்டுவார் உன்ர மாமா. எனக்கு அதே பெட்டி வேணும். அதே பிடி, அதே பட்டன். சாட்டுச் சொல்ல ஒண்டும் இருக்கக்கூடாது."

செய்வது அவள் நினைத்த அளவுக்குப் பெரிய வித்தை இல்லை என்று யூடியூபில் இருந்து தெரிந்துகொண்டாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கணினிப் பலகை, அதற்குள் பழைய விளையாட்டுகள். ஒரு திரை. பிடிகள், பட்டன்கள், அவற்றிலிருந்து பலகைக்கு வயர்கள், அதுவும் சொருகினால் போதும், ஈயம் உருக்கத் தேவையில்லை. மற்றதெல்லாம் மரவேலை. கடையில் சீலை சுற்றி வருகிற பெரிய மட்டையில் அவளே படம் வரைந்தாள். உயரம் அறுபது, அகலம் இருபத்து நாலு, ஆழம் இருபத்து நாலு. இலக்கங்களைத் தடித்த பேனாவால் எழுதினாள். அங்குலம் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்தாள். ஆள் உயரப் பெட்டியை வேறு எந்தக் கணக்கில் வெட்டுவார்கள்?

மட்டையை எடுத்துக்கொண்டு மருதானையில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரன் ரொஷான் நல்ல பிள்ளை, தமிழ் தெரியாது. கௌரியின் சிங்களமோ பஸ் கண்டக்டரிடமும் மரக்கறிக்காரரிடமும் பொறுக்கிச் சேர்த்தது. ரொஷான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடியும் பட்டனும் வரைந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தான். கேம் பெட்டி என்று விளங்கிவிட்டது. பிறகு இலக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"பொடி எகக்த?"

அடுத்த பட்டறையில் வாள் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. கௌரிக்குக் கேட்டது 'பொடி' மட்டும்தான். சிங்களத்தில் பொடி என்றால் சின்னது. வெள்ளவத்தையில் மூன்று வருடம் இருந்தவளுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் கேம் பெட்டி என்றதும் அவள் மனம் எங்கே இருந்தது? கொட்டாஞ்சேனைக் கடை வாசலில். யாழ்ப்பாணத்தில் பொடி என்றால் பெடியன். பார், இவனும் கேம் என்றால் பெடியனுக்குத்தான் என்று நினைக்கிறான், பெடியனுக்கோ என்று கேட்கிறான் என்று அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. எனக்கடா தம்பி என்று சொல்ல வாய் வந்தது, சிங்களம் வரவில்லை. போதாக்குறைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும்.

"ஓவ், ஓவ். பொடி," என்றாள் கடுப்போடு. அதாவது, ஓமடா, பெடியனுக்குத்தான், வெட்டு.

ரொஷான் தலையாட்டினான்.

பெட்டி வருகிற நாளில் கௌரி வரவேற்பறைச் சோபாவைத் தள்ளி இடம் ஒதுக்கி வைத்தாள். லிஃப்டுக்குள் போகாவிட்டால் படியால் தூக்க ஆட்கள் வேண்டுமென்று கீழே வாசல் காக்கிற வோச்சரிடமும் சொல்லி வைத்தாள். மணி அடித்தது. கதவைத் திறந்தால் வோச்சர் ஒருவரே நிற்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பார்சல், மற்றக் கையில் ஒரு உரப்பை.

"அம்மா, உங்கட பெட்டி வந்திருக்கு."

உரப்பைக்குள் எல்லாம் இருந்தது. பக்கப் பலகைகள், மேல் பலகை, சாய்வுப் பலகை, வெட்டி மிஞ்சிய துண்டுகள்கூட. வளைவெல்லாம் அவள் வரைந்தபடியே, வழுவழுவென்று, அச்சுப் பிசகாமல். சேர்த்து நிறுத்தினால் அவள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அறுபது சென்ரிமீற்றர்.

மிதுனா ரொஷானுக்குக் கோல் எடுத்துச் சிங்களத்தில் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்தினாள், பிறகு சோபாவில் விழுந்தாள், பிறகு நிலத்தில் உருண்டாள். "அம்மா, சின்னதோ எண்டு அவர் கேட்டவராம். நீங்க ரெண்டு தரம் ஓவ் சொன்னீங்களாம்."

நாகேந்திரமும் சிரித்தார். கௌரிக்குச் சிரிப்பு வரவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெரிய பிழையென்று அழவில்லை. அண்ணன் வந்து இந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்லப்போவதெல்லாம் இப்போதே அவள் காதில் விழத் தொடங்கிவிட்டது, அதுதான். திரும்ப வெட்டவும் வழியில்லை. ரொஷானுக்குத் திருவிழா முடியும் வரைக்கும் கதவு ஜன்னல் வேலை கையில் இருந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெட்டி மேசைமேல் நின்றது. அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். பிழையாக ஒன்றுமில்லை. சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

"பொடி எண்டால் பொடிதான்," என்றாள். "மிதுனா, ஸ்க்ரூட்ரைவரை எடு."

வாங்கி வைத்திருந்த பெரிய திரை அந்தப் பெட்டிக்குள் எங்கே போகும்? அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு புறக்கோட்டையில் நபீஸின் கடைக்குப் போனாள். எலக்ட்ரோனிக் சாமான் விற்கிற மனுசன், விற்பதைவிடக் கதைப்பது கூட.

"அக்கா, சின்ன ஸ்கிரீன் எங்கிட்ட ஈக்குது. அது பிரச்சினையில்ல," என்று படத்தைப் பார்த்துச் சொன்னார் நபீஸ். "ஆனா இந்த அகலத்துக்குள்ள ரெண்டு பேரு கை வெக்க ஏலாது. ஒரு பிடி, ஒரு செட் பட்டன், அவ்வளவுதான் புடிக்கும். தனியா ஆடுற மெஷினா செஞ்சிக்கங்களேன்."

"தனிய விளையாட நான் இதைச் செய்யேல்லை, நபீஸ் நானா," என்றாள் கௌரி. "எனக்கு எதிர்ல ஒராள் நிக்கவேணும்."

நபீஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். என்ன விளங்கியதோ, உள்ளே போய் இரண்டு செட் எடுத்து வந்தார், இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நிறம். "அப்ப ரெண்டாவத வெளிய எடுங்க. வயர் நீட்டா ஈக்கட்டும்."

அப்படியே செய்தாள். ஒரு செட் பெட்டியோடு. மற்றச் செட்டுக்கு, உரப்பையில் வந்த மிச்சத் துண்டுகளை ஒட்டித் தனியாக ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து தாய்ப் பெட்டிக்கு ஒரு வயர். ஒட்டுவதும் ஸ்க்ரூ முறுக்குவதும் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தன. வீடு முழுக்கத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. நாகேந்திரத்தின் புட்டுக்குள் ஒருநாள் ஸ்க்ரூ ஒன்று வந்தது. மனுசன் அதைக் கழுவிக் கொடுத்தார்.

முதன்முதலாகச் சுவிட்சைப் போட்டபோது படம் வந்தது, சத்தம் வந்தது, பிடியை மேலே தள்ளினால் சண்டைக்காரன் குந்தினான். கீழே இழுத்தால் பாய்ந்தான். பிடியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தாள். கழற்றித் திருப்பிப் பூட்டினாள். மறுபடி போட்டாள். தள்ளினாள். சண்டைக்காரன் பாய்ந்தான்.

கௌரி கையை எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளி நின்றாள். திரையில் அவன் அடுத்த கட்டளைக்காக மேலும் கீழும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். ஒன்றுமில்லாத இடத்தில் இது இப்போது இருக்கிறது, இதை நான்தான் செய்தேன் என்று நினைத்தாள். பல்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். மிதுனா பெட்டிக்குச் சிவப்புப் பூசி, நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'பொடி' என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் கௌரி நாகேந்திரத்தோடு ஓர் ஆட்டம் ஆடினாள். கையில் பட்ட பட்டனையெல்லாம் அமத்துகிறவர் அவர். பாவம், ஒரு நாளாவது வென்றிருக்கலாம்.

பகீரதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினான். தலையில் முடி குறைந்திருந்தது, வயிறு கூடியிருந்தது, குரல் அப்படியே இருந்தது. சப்பாத்தைக் கழற்றும்போதே பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

"இதென்னடி, சாமிப்படம் வைக்கிற பெட்டியோ?"

"கேம் மெஷின். நான் செய்தனான்."

"நீயோ?" அவன் குனிந்து பார்த்தான். "மெஷின் போட்ட குட்டி போல இருக்கு. தாய் எங்க, கொட்டாஞ்சேனையிலயோ?"

எல்லாரும் சிரித்தார்கள். கௌரியும் சிரித்தாள். "வாங்கோ அண்ணா, ஒரு ஆட்டம்."

பெட்டியோடு இருந்த பிடியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, வயர் நீண்ட குட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கதிரையில் இருந்தாள். ஆட்டம் தொடங்கிச் சரியாகச் சூடேறவில்லை, பகீரதனின் சண்டைக்காரன் மல்லாந்து கிடந்தான். அடுத்த சுற்றும் அப்படித்தான். மிதுனா கையைத் தட்டினாள்.

பகீரதன் சோம்பல் முறித்தான். கொட்டாவி விட்டான்.

"கஷ்டப்பட்டுச் செய்த பிள்ளை, மனம் நோகக்கூடாதெண்டு விட்டுத்தந்தனான்," என்றான்.

நாகேந்திரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌரியின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினார். பெட்டி, பலகை, பட்டன் எல்லாவற்றிலும் சாட்டுச் சொல்ல இடம் வைக்காமல் செய்தவளுக்கு, இந்தச் சாட்டை எந்த ஸ்க்ரூவால் பூட்டுவது என்று தெரியவில்லை.

அப்போது சுபோதினி சொன்னாள். பகீரதனின் மனைவி, அதிகம் கதைக்காதவள். பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு மூலையில் இருந்தவள், "எனக்கும் இருபது வருஷமா விட்டுத்தான் தாறார், மச்சாள்," என்றாள். "ஆட்டம் முடிஞ்ச பிறகு சொல்லுவார். ஒருநாளும் முதல்ல சொல்லமாட்டார்."

கௌரி மச்சாளைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

"இன்னொரு ஆட்டம் அண்ணா. ஆனால் இப்பவே சொல்லுங்கோ. இந்த முறையும் விட்டுத்தருவீங்களோ?"

பகீரதன் சிரித்தான். "இந்த முறை இல்லை. உனக்கு வாய் கூடிப்போச்சு."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

"என்னடி, கோர்ட்டோ இது?"

"மாமா, சொல்லுங்க," என்றாள் மிதுனா.

"சரி. விட்டுத்தரமாட்டன். போதுமோ? பக்கம் மாறு. அந்தக் குட்டிப் பெட்டிதான் ஆட வசதி போல கிடக்கு, அதை என்னட்டத் தா."

கொடுத்தாள். இரண்டு செட்டும் ஒரே மாதிரி என்று அவள் வாய் திறக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் பகீரதன் உண்மையாகவே விளையாடினான். கதிரை நுனிக்கு வந்துவிட்டான், நாக்கு வெளியே வந்துவிட்டது. முதல் சுற்றை எடுத்தும் விட்டான். கெட்டிக்காரன்தான், சும்மா சொல்லக்கூடாது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் விரல் மறக்கவில்லை. பாய்ந்து வந்து தலையில் உதைப்பதுதான் அவன் வித்தை. இரண்டாம் சுற்றில் கௌரி அடிக்கவே போகவில்லை. அவன் பாயப் பாயக் குந்தினாள், அவன் கால் நிலத்தில் படுகிற கணத்தில் ஒன்று கொடுத்தாள். அவன் பாய்ந்தான், அவள் குந்தினாள், கொடுத்தாள். இரண்டாம் சுற்று அவளுக்கு.

மூன்றாம் சுற்றில் யாரும் பலகாரம் சாப்பிடவில்லை. கீழே கரையோர ரயில் போய் ஜன்னல் அதிர்ந்தது, ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு பேருக்கும் உயிர்க் கோடு தேய்ந்து ஒரு துளியில் நின்றது. பகீரதனின் நெற்றியில் வியர்வை. பாய்வான் என்று கௌரி குந்தினாள். அவன் பாயவில்லை. கள்ளன், நின்ற நிலையில் காலை வீசினான். அவள் பார்த்துவிட்டாள். பிடியைப் பின்னால் இழுத்துத் தடுத்தாள், அவன் கால் திரும்பிப் போவதற்குள் எழும்பி நெஞ்சில் ஒரு குத்து. ஒரே ஒரு குத்து. அவன் சண்டைக்காரன் மெதுவாக, மிக மெதுவாக, விழுந்தான்.

எல்லாரும் பகீரதனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய் பழக்கத்தில் திறந்தது. அதிலிருந்து வர வேண்டிய சொல் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதை இப்போது சொல்ல முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

"வெண்டிட்டாள்," என்றான் கடைசியில், சுபோதினியிடம்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணா."

அவன் திரும்பினான். குட்டிப் பெட்டி இன்னும் அவன் மடியில் இருந்தது. தங்கச்சியின் கண்கள் நிறைந்திருந்ததைக் கண்டான். இது பகிடி இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது போலும். கொட்டாவி வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"நீ வெண்டிட்டாய், கௌரி. நான் தோத்துப்போனன்."

நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனுசிக்கு இவ்வளவு சந்தோசம் வரலாமென்று கௌரிக்குத் தெரியாது. கன்னத்தைத் துடைக்காமல், முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு, அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"ஓம் அண்ணா," என்றாள். "நான்தான் வெண்டனான்."